எம்.எஸ். உள்ளவர்களின் வேலைச் சிக்கல்கள்: எது இடிக்கிறது, எதைக் கேட்டு வாங்குவது?

#1 நடைவண்டி (இழையைத் தொடங்கியவர்)

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை சிதையும் நோய்) பற்றி இங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இரண்டு. "எம்.எஸ். என்று உறுதியாகிவிட்டது, வேலையை விட்டுவிடுவதா?" "ஆபீஸில் சொல்வதா, மறைப்பதா?" இரண்டுக்கும் "ஆளைப் பொறுத்தது" என்று யாராவது எழுதுவார்கள், அத்தோடு இழை தூங்கிவிடும். ஆளைப் பொறுத்ததுதான். ஆனாலும் எல்லோருக்கும் பொதுவான விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கத்தான் இந்த இழை.

இந்த நோய் பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள் தலைகாட்டுகிறது. வேலையில் காலூன்றி மேலே ஏற வேண்டிய வயது அது. ஆனால் மருத்துவரைப் பார்க்கப் போனால் எம்.ஆர்.ஐ., மருந்து, அடுத்த தேதி என்று பேச்சு முடிந்துவிடுகிறது. வேலையைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்: எந்த அறிகுறி எந்த வேலையை எப்படி இடிக்கிறது, அதற்கு என்ன மாற்றம் கேட்பது, கேட்டு வாங்கியதும் ஏன் பல இடங்களில் பலிக்காமல் போகிறது. சொந்தக் கதைகளுக்குத் தனி இழை இருக்கிறது, இங்கே வேண்டாம். மருந்து பற்றி எழுதினால் விவரமாக எழுதுங்கள். ஆனால் இங்கே படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

#2 கயல்_ஓ.டி. (தொழில்வழிச் சிகிச்சையாளர்)

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரங்கட்டிவிடலாம். எம்.எஸ். என்றதும் எல்லோரும் காலைத்தான் பார்க்கிறார்கள். இயலாமை எவ்வளவு என்று நரம்பியல் மருத்துவர்கள் குறித்து வைக்கும் இ.டி.எஸ்.எஸ். அளவுகோலும் அப்படித்தான். 1983-இல் கர்ட்ஸ்கே என்ற நரம்பியல் மருத்துவர் வடிவமைத்தது, 0-லிருந்து 10 வரை, எண் கூடக் கூட இயலாமை கூடும். 4-க்கு மேல் போனால் முக்கியமாக நடையைத்தான் அளக்கிறது: 4 என்றால் துணையின்றிச் சுமார் 500 மீட்டர், 6 என்றால் ஒரு கைத்தடியோடு 100 மீட்டர். ஆனால் 2-லேயே இருக்கும் ஒருவர், நன்றாக நடந்து வருகிறவர், வேலையைத் தக்கவைக்க முடியாமல் தவிக்கலாம். அவரை வீழ்த்துவது சோர்வும், யோசனையின் வேகம் குறைவதும். இரண்டும் வெளியே தெரியாது, அந்த எண்ணிலும் சரியாக ஏறாது.

வேலைக்கென்றே தனிக் கேள்வித்தாள் ஒன்று உண்டு: எம்.எஸ். வேலைச் சிக்கல் கேள்வித்தாள். முதலில் 50 கேள்விகளோடு வந்தது, பிறகு 23 ஆகச் சுருக்கினார்கள். கடந்த 4 வாரங்களை மனதில் வைத்து ஒவ்வொன்றுக்கும் 0-லிருந்து 4 வரை மதிப்பெண் போட வேண்டும். சிக்கல்களை மூன்றாகப் பிரிக்கிறது: உடல் சார்ந்தவை, மனமும் சிந்தனையும் சார்ந்தவை, வெளியிலிருந்து வருபவை (வேலையிடத்தின் வசதிகள், மேலாளரின் மனப்பான்மை, வீட்டுப் பொறுப்பும் வேலையும் மோதுவது போன்றவை). கேள்வித்தாள் கையில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த மூன்று தலைப்பைப் போட்டு எழுதிப் பாருங்கள். "என்னால் முடியவில்லை" என்ற ஒற்றை வாக்கியம் பத்துப் பதினைந்து சிறு சிக்கல்களாக உடையும். அதில் பாதிக்கு மேல் சரிசெய்யக்கூடியவையாக இருக்கும்.

அதோடு இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு. நேரம், செய்த வேலை, சோர்வு 0 முதல் 10, எதில் பிசகியது, அப்போது அறை சூடா, குளிரா, எத்தனை பேர் இடைமறித்தார்கள். மணிக்கொரு முறை எழுதினால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். ஒரு நாளைக்கு நான்கு வேளை போதும்: வேலை தொடங்கும்போது, மதிய உணவுக்கு முன், மாலை 4 மணிக்கு, வீடு திரும்பியதும். "மாலை 3 மணிக்கு மேல் எண் பிழைகள் கூடுகின்றன" என்று தெரிந்தால்தான் "கணக்குச் சரிபார்ப்பைக் காலைக்கு மாற்றித் தாருங்கள்" என்று கேட்க முடியும். வெறும் "சோர்வாக இருக்கிறது" என்றால் "எல்லோருக்கும்தான் சோர்வு" என்ற பதில்தான் வரும்.

#3 சந்தேகன்

குறிப்பேடு, கேள்வித்தாள் எல்லாம் சரி. சோர்வுக்கு மாத்திரை இருக்கிறதே? மொடாஃபினில், அமன்டடின். அதைப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பதை விட்டுவிட்டு ஏன் இவ்வளவு சுற்றல்?

#4 செவிலி_தாமரை

@சந்தேகன், அந்த நம்பிக்கையை 2021-இல் ஒரு நல்ல ஆய்வு ஆட்டிவிட்டது. 141 எம்.எஸ். நோயாளிகளுக்கு அமன்டடின், மொடாஃபினில், மெதில்ஃபெனிடேட், வெற்று மாத்திரை என நான்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மருந்துமே வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை, பக்கவிளைவுதான் அதிகம். தனிப்பட்ட முறையில் சிலருக்குப் பலன் இருக்கலாம், மருத்துவரோடு பேசி முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் நம்பி வேலை நேரத்தைத் திட்டமிடக் கூடாது.

அதைவிடப் பயனுள்ள வேலை, சோர்வு எங்கிருந்து வருகிறது என்று தோண்டுவது. நோயே தரும் சோர்வு ஒரு பங்குதான். அதன் மேல் ஏறி உட்காரும் மற்றவை:

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவது. கால் இழுப்பும் வலியும் தூக்கத்தைக் கெடுப்பது. மனச்சோர்வு (எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் வருகிறது). இரத்தசோகை, தைராய்டு. பிறகு நாமே விழுங்கும் மருந்துகள்: தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென், டைசானிடின், நரம்பு வலிக்கான கபாபென்டின், பிரீகபாலின். இவை எல்லாமே தூக்கம் வரவழைப்பவை. காலை 9 மணிக்கு ஒரு வேளை போட்டுக்கொண்டு 10 மணி மீட்டிங்கில் கண் செருகினால் அது எம்.எஸ். அல்ல, மாத்திரை. வேளைகளை மாற்றி அமைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பேக்லோஃபெனை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரை போகும்.

#5 கயல்_ஓ.டி.

தாமரை அக்கா சொன்னதோடு ஓய்வு எடுக்கும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் விழுந்த பிறகுதான் ஓய்வெடுக்கிறார்கள். அப்போது எடுக்கும் ஒரு மணி நேரம், முன்கூட்டியே எடுத்திருக்கக்கூடிய பத்து நிமிடத்துக்கு ஈடாகாது. குறிப்பேட்டில் 11.30-க்குச் சரிவு தெரிந்தால் ஓய்வு 11 மணிக்கு. ஓய்வு என்றால் கண்ணை மூடி, முதுகு சாய்த்து, சத்தமில்லாத இடத்தில் 10 நிமிடம். கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பது ஓய்வு அல்ல, கண்ணுக்கும் மூளைக்கும் அதுவும் வேலைதான்.

பயணத்தையும் கணக்கில் சேருங்கள். கூட்ட நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று வருகிறவர் வேலை தொடங்கும் முன்பே அன்றைய சக்தியில் கணிசமான பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார். எட்டு மணி நேரத்தை ஏழாகக் குறைப்பதைவிட, நெரிசல் முடிந்து ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதிப்பது சிலருக்கு அதிகம் உதவும். நிறுவனத்துக்கும் இதில் இழப்பில்லை, அதனால் எளிதில் கிடைக்கும்.

#6 இரவுப்பறவை

நீங்கள் எல்லோரும் நாற்காலி வேலையையே பேசுகிறீர்கள். தொழிற்கூடம், கிடங்கு, சமையல்கூடம், வெயிலில் நிற்கும் வேலை? அங்கே 10 நிமிடம் சாய்ந்துகொள்ள எவன் விடுவான்?

#7 செவிலி_தாமரை

நியாயமான கேள்வி. அங்கே முதல் எதிரி வெப்பம்.

மயலின் எனும் மேலுறை கிழிந்த நரம்பில் மின் செய்தி தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடலின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே அதுவும் நின்றுவிடக்கூடும். பார்வை மங்கும், கால் கனக்கும், பேச்சு குழறும். 1890-இல் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் குறித்து வைத்தது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. குளிர்ந்ததும் சரியாகிவிடும், நரம்புக்குப் புதுச் சேதம் எதுவும் இல்லை. இதை ரிலாப்ஸ் (நோய் மறுபடி தாக்குவது) என்று நினைத்துப் பயந்து பலர் வேலையை விடுகிறார்கள். ரிலாப்ஸ் என்றால் காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிய அல்லது கூடிய அறிகுறி 24 மணி நேரமாவது விடாமல் இருக்க வேண்டும்.

சேதம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. ஏணியின் மேல் நிற்கும்போது கால் கனத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உயரம், தனியாளாக இயந்திரம், கொதிக்கும் எண்ணெய், ஃபோர்க்லிஃப்ட்: இவற்றிலிருந்து மாற்றம் கேட்பதில் தயக்கமே கூடாது.

#8 கயல்_ஓ.டி.

@இரவுப்பறவை, வெப்பத்துக்கு என்ன செய்வது என்று நான் சொல்கிறேன்.

குளிர் மேலாடை இரண்டு வகை. தண்ணீரில் நனைத்துப் போடுவது ஒன்று, அது ஆவியாகிக் குளிர வைக்கும். விலை குறைவு, எடை குறைவு. ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமென்றால் ஆவியாகாது, ஈரத் துணியைச் சுமப்பதோடு சரி. பாதுகாப்பு உடைக்கு அடியில் போட்டாலும் அதே கதை. இரண்டாவது வகையில் உறையவைத்த பொதிகளைப் பைகளில் செருக வேண்டும். ஈரப்பதம் இதைப் பாதிக்காது, மேலங்கிக்கு அடியிலும் வேலை செய்யும். இரண்டு மூன்று மணி நேரத்தில் உருகிவிடும், எனவே மாற்றுப் பொதியும் அதை வைக்கக் குளிர்பெட்டியும் வேண்டும். வெறும் பனிக்கட்டிப் பொதியைவிட 15 முதல் 20 டிகிரியில் உருகும் பொதி நல்லது. தோலை மரக்க வைக்காது, தசை இறுக்கத்தையும் கிளப்பாது.

பலர் தவறவிடும் விஷயம்: சூடான பிறகு குளிர்விப்பதைவிட முன்பே குளிர்ந்துவிட்டுப் போவது மேல். ஷிப்ட் தொடங்கும் முன் அரை மணி நேரம் மேலாடை, சில்லென்ற தண்ணீர் சிறிது சிறிதாக. கழுத்து, மணிக்கட்டில் ஈரத்துணி.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது: அடுப்பு, உலை, கூரைத்தகட்டுக்கு அடியில் உள்ள இடத்திலிருந்து மாற்றம், தலைக்கு நேரே அல்லாமல் பக்கவாட்டில் மின்விசிறி, கனமான வேலை விடியற்காலைக்கு, உட்கார்ந்தும் நின்றும் செய்யத்தக்க உயர்ந்த முக்காலி. முக்காலி சின்ன விஷயமாகத் தெரியும். பொதி கட்டுமிடத்தில் நின்றே ஆக வேண்டும் என்ற விதி பல இடங்களில் வெறும் பழக்கம்தான்.

#9 எழுத்தாணி

ஏ.சி. அறையிலும் வெப்பநிலைப் பஞ்சாயத்து உண்டு. அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் தசை இறுகும், கால் விறைக்கும். முகநரம்பு வலி உள்ளவர்களுக்கு ஏ.சி. காற்று நேராகக் கன்னத்தில் பட்டாலே மின்னல் வெட்டுவது போல வலி கிளம்பும். "குளிராக வையுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மேசையில் தனியாக ஒரு சிறு விசிறி, காற்றுத் துளைக்கு நேர் கீழே இல்லாத இருக்கை. அவ்வளவு போதும், மற்றவர்களோடு சண்டையும் வராது.

இனி திரை, விசைப்பலகை.

கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டில் ஷாக் அடிப்பது போல ஓடுகிறதா? அது லெர்மிட் அறிகுறி. மடிக்கணினியை மேசையில் அப்படியே வைத்து வேலை செய்தால் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்திவிட்டு, விசைப்பலகையைத் தனியாக வையுங்கள்.

கண்கள் இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்து நகராத பிரச்சினை உள்ளவர்களுக்கு இரட்டைத் திரை எமன். ஒரு திரையிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணைத் திருப்பும்போதெல்லாம் காட்சி இரட்டிக்கும் அல்லது மங்கும். நடுவில் ஒரே பெரிய திரை, சாளரங்கள் மேலும் கீழுமாக.

பார்வை நரம்பு அழற்சி வந்துபோனவர்களுக்கு எழுத்துப் பலகைப் பரிசோதனையில் பார்வை "நார்மல்" என்று வரும். ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாட்டைப் பிரித்தறியும் திறன் குறைந்திருக்கும், சிவப்பு வெளிறித் தெரியும். சாம்பல் பின்னணியில் இளஞ்சாம்பல் எழுத்து, சிவப்பில் எச்சரிக்கை காட்டும் விரிதாள் எல்லாம் கண்ணில் படாமலேயே போகும். எச்சரிக்கைக்கு நிறத்தோடு ஒரு குறியையும் சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்தைப் பெரிதாக்குவதற்கு முன் மாறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும்.

விரல் மரத்து, ஒரே விசை இரண்டு மூன்று முறை விழுகிறதென்றால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் போடுங்கள், வேண்டாத மறு அழுத்தத்தை விழுங்கிவிடும். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்கு ஸ்டிக்கி கீஸ். ஷிப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் வரும். குரல்வழித் தட்டச்சுக்கு விண்டோஸ் விசையும் எச் விசையும். இதற்கெல்லாம் காசும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். குரல்வழிக்கு மட்டும் தனியிடம் தேவை, திறந்த கூடத்தில் பக்கத்து மேசைப் பேச்சும் சேர்ந்து பதிவாகும்.

#10 சந்தேகன்

மறதி, மந்தம் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. அதுதான் ஆபீஸில் மானத்தை வாங்குகிறது.

#11 கயல்_ஓ.டி.

மந்தம் என்ற சொல்லை விட்டுவிடலாம். எம்.எஸ்.-இல் பெரும்பாலும் குறைவது தகவலைக் கையாளும் வேகம். அறிவும் அனுபவமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தனியாக அமைதியில் இரண்டு மணி நேரம் கொடுத்தால் சிறப்பாக முடிக்கும் ஒருவர், மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் மீட்டிங்கில் பின்தங்குவார். எஸ்.டி.எம்.டி. என்றொரு சோதனை இதை அளக்கும்: ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், 90 விநாடியில் எத்தனை சரியாகப் பொருத்துகிறீர்கள் என்பது கணக்கு. மதிப்பெண்ணில் 4 புள்ளி குறைந்தாலே கவனிக்கத்தக்க மாற்றமாகப் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். நோய் தெரிந்த புதிதிலேயே ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட அடிப்படை அளவு இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்து வரும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

வேலையிடத்தில் மூன்று இடங்களில் இடிக்கும். முதலாவது இடைமறிப்பு. கணக்கின் நடுவில் ஒரு போன் வந்தால் விட்ட இடத்தைப் பிடிக்கப் பல நிமிடங்கள் ஆகும். தீர்வு: ஒரு நாளைக்கு இரண்டு முறை 90 நிமிடம் போனும் அரட்டைச் செயலியும் மூடிய நேரம். எழுவதற்கு முன் "அடுத்து செய்ய வேண்டியது இது" என்று ஒரே வரி எழுதிவிட்டு எழுங்கள். இரண்டாவது வாய்மொழி உத்தரவு. நடந்துகொண்டே மேலாளர் மூன்று வேலை சொன்னால் ஒன்று காணாமல் போகும். எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாத மேலாளரென்றால் நீங்களே "நீங்கள் சொன்னவை இவை, சரிதானா?" என்று அனுப்புங்கள், பிற்காலத்தில் சான்றாகவும் நிற்கும். மூன்றாவது நடந்துகொண்டே பேசுவது, ஓட்டிக்கொண்டே கேட்பது மாதிரியான இரட்டை வேலை. நடையில் கவனம் போனால் பேச்சு தடுமாறும், பேச்சில் போனால் கால் தட்டும்.

#12 செவிலி_தாமரை

மறதிக்கு இன்னொரு திருட்டுக் காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் நகரக் கூடாது. சிறுநீர் அவசரத்துக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் மூளைக்குள் போய் ஞாபகத்தை மழுங்கடிக்கக்கூடியது. மாத்திரை தொடங்கிய பிறகு மறதி கூடியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதே அவசரத்துக்குக் கொடுக்கும் ட்ரோஸ்பியம் மூளைக்குள் அதிகம் நுழையாது. மிராபெக்ரான் அந்த வகை மருந்தே அல்ல, ஆனால் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

சிறுநீர்ப் பிரச்சினையைப் பற்றி ஆபீஸில் யாரும் வாய் திறப்பதில்லை. செய்வது என்னவென்றால், தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். விளைவு: அடர்த்தியான சிறுநீர், சிறுநீர்ப்பையை இன்னும் எரிச்சலூட்டி அவசரம் கூடும், மலச்சிக்கல் வரும், தொற்று வரும். தொற்று வந்தால் காய்ச்சல், காய்ச்சலில் பழைய அறிகுறி எல்லாம் திரும்பித் தலைதூக்கும், ஒரு வாரம் லீவு. தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்: நாள் முழுக்கச் சிறுகச் சிறுக, படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்தம். காபி, டீயைக் குறையுங்கள். அவசரம் வரும்வரை காத்திராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துப் போங்கள்.

போய்வந்த பதினைந்து நிமிடத்தில் மறுபடி வருகிறதென்றால் பை முழுதாகக் காலியாகவில்லை என்று பொருளாக இருக்கலாம். ஸ்கேனில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 100 மி.லி.-க்கு மேல் தொடர்ந்து தங்கினால் நாமே செருகி எடுக்கும் கதீட்டர் (மெல்லிய குழாய்) பற்றிப் பேசுவார்கள். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். பழகிய பிறகு சில நிமிட வேலை, மீட்டிங்கில் நிம்மதியாக உட்கார முடியும். வேலையிடத்தில் தேவை: கழிப்பறைக்கு அருகில் இருக்கை, உள்ளே ஒரு தட்டும் மூடிய குப்பைத்தொட்டியும், கேள்வி கேட்காமல் எழுந்து போக அனுமதி.

#13 இரவுப்பறவை

இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டுமென்றால் நோயைச் சொல்லியாக வேண்டுமே. சொன்ன மறுநாள் ஓரங்கட்டினால்?

#14 மனிதவளம்_குரு

என் துறை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சொல்வதா வேண்டாமா என்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் யாரிடம், எப்போது, எவ்வளவு என்று மூன்றாகப் பிரியும். மனிதவளத் துறைக்குத் தெரிவதும் பக்கத்து மேசைக்குத் தெரிவதும் ஒன்றல்ல. எந்த மாற்றமும் தேவைப்படாத நிலையில் இருப்பவர் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டியதில்லை, பாதுகாப்பைப் பாதிக்கும் வேலையாக இல்லாதவரை. சொல்லிவிட்ட செய்தியைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் பிழைகள் தெரிய ஆரம்பித்து, எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு "எனக்கு எம்.எஸ்." என்றால் அது சாக்கு போலத் தொனிக்கும். செயல்திறன் மதிப்பீட்டில் இன்னும் கறை படியாத நேரமே சரியான நேரம்.

எவ்வளவு என்பதில் பலர் தேவைக்கு மேல் கொட்டிவிடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையை யாரும் கேட்காமல் கொடுக்காதீர்கள். நிறுவனத்துக்குத் தேவை வேலையில் உள்ள வரம்பும் அதற்கான மாற்றமும் மட்டுமே. மருத்துவரிடம் இப்படி ஒரு கடிதம் கேளுங்கள்:

"இவருக்கு நீண்டகால நரம்பியல் நோய் உள்ளது. தொடர்ந்து 30 நிமிடத்துக்கு மேல் நிற்பதும், அதிக வெப்பமுள்ள இடத்தில் வேலை செய்வதும் அறிகுறிகளைக் கூட்டும். உட்கார்ந்து செய்யும் வசதி, காலையும் மாலையும் 10 நிமிட ஓய்வு, கழிப்பறைக்கு அருகில் இருக்கை ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. இந்த மாற்றங்களுடன் தம் பணியைச் செய்ய இவர் தகுதியானவர். 6 மாதம் கழித்து மறுபரிசீலனை தேவை."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். "தகுதியானவர்" என்ற சொல் இல்லாத கடிதத்தைத் தகுதியின்மைச் சான்றாகப் படிக்கும் அதிகாரிகள் உண்டு. மறுபரிசீலனைத் தேதி இருந்தால் முடிவெடுப்பவருக்கும் பயம் குறையும், நிரந்தரமாகக் கொடுத்துவிட்டோமே என்ற தயக்கம் இருக்காது. "லேசான வேலை கொடுக்கவும்" என்று ஒற்றை வரியில் வரும் கடிதம் யாருக்கும் உதவாது. லேசான வேலை என்று ஒரு பதவியே எங்கும் கிடையாது.

2006-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு வேலையிடத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்கிறது. கையெழுத்திட்ட நாடுகளின் சட்டங்கள் வேறுபடும், உங்கள் நாட்டுச் சட்டத்தில் எம்.எஸ். எந்த வகையில் வருகிறது, சான்றிதழ் தேவையா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் சந்திப்பிலேயே பிரிவு எண்ணைச் சொல்லாதீர்கள். மறுத்தால் எடுத்துக்கொள்ள அது பையில் இருக்கட்டும்.

#15 நடைவண்டி

@மனிதவளம்_குரு, பகுதி நேரம் கேட்பது பற்றி? பலர் முதலில் யோசிப்பதே அதைத்தான்.

#16 மனிதவளம்_குரு

அதை முதலில் அல்ல, கடைசியில் யோசிக்க வேண்டும். மேலே எழுதியவை எல்லாம் சம்பளத்தில் கை வைக்காதவை, பகுதி நேரம் சம்பளத்தை வெட்டும். ஓய்வூதியம், காப்பீடு போன்றவை கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும் இடங்களில் பின்விளைவு இன்னும் பெரியது. கையெழுத்திடும் முன் அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதில் வழக்கமாக நடக்கும் மோசடி வேறு: நேரம் குறையும், வேலை குறையாது. வாரம் 40 மணி நேரத்தில் 10 கோப்பு முடித்தவருக்கு 24 மணி நேரமென்றால் 6 கோப்புதான். அந்த எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். எழுதாவிட்டால் 60 சதவீதச் சம்பளத்துக்கு 10 கோப்பையும் முடித்துக்கொண்டிருப்பீர்கள். நாள்களையும் யோசியுங்கள். மூன்று முழு நாளைவிட ஐந்து அரை நாள் சிலருக்கு ஒத்துவரும், பயணம் கடினமென்றால் தலைகீழ். வாரத்தின் நடுவில் ஒரு நாள் விடுப்பு என்பது அதிகம் பேருக்குப் பொருந்தும் ஏற்பாடு.

#17 எழுத்தாணி

வீட்டிலிருந்து வேலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பயணம் மிச்சம், கழிப்பறை பக்கம், வெப்பம் நம் கையில். எல்லாம் உண்மை. ஆனால் எழுந்திருக்கக் காரணமே இல்லாமல் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் கால் தசை இறுகிவிடும், எழும்போது விழுவார்கள். 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கெண்டைக்காலை நீட்ட வேண்டும். அத்தோடு கண்ணில் படாதவரின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் பின்னால் போகும். முடிந்தவரை வாரம் ஒன்றிரண்டு நாள் நேரில் போவது நல்லது, அதுவும் முக்கியமான மீட்டிங் உள்ள நாளாகப் பார்த்து.

#18 சந்தேகன்

சரி, ஒப்புக்கொள்கிறேன், மாத்திரையைவிட இந்த இழை உருப்படி. கடைசியாக ஒன்று. ரிலாப்ஸ் வந்தால் எத்தனை நாள் லீவு கேட்பது? மருந்து ஏற்றும் நாள்களுக்கு?

#19 செவிலி_தாமரை

ரிலாப்ஸுக்கு வழக்கமாக மெதில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 1 கிராம், 3 முதல் 5 நாள். ஸ்டீராய்டு ஏறும்போது தூக்கம் போய், மனம் துள்ளும். "நன்றாகிவிட்டேன்" என்று நான்காம் நாளே வேலைக்கு ஓடுவார்கள். அது மருந்தின் துள்ளல், நரம்பு இன்னும் ஆறவில்லை. நிறுத்திய சில நாளில் சோர்வும் மனத்தளர்ச்சியும் அடிக்கும். மீட்சியின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று மாதத்தில் நடக்கிறது. எனவே முழு லீவு முடிந்ததும் படிப்படியாகத் திரும்புங்கள்: முதல் இரண்டு வாரம் அரை நாள், அடுத்த இரண்டு வாரம் முக்கால் நாள், அதன் பிறகு முழு நாள். இந்த அட்டவணை மருத்துவர் கடிதத்திலேயே இருக்கட்டும். அந்த மூன்று மாதத்துக்குள் ராஜினாமா கடிதம் மட்டும் எழுத வேண்டாம். அப்போதைய உடல்நிலை உங்கள் நிரந்தர நிலை அல்ல.

ரிலாப்ஸைத் தடுக்கும் மருந்துகளுக்கு முன்கூட்டியே நாள் குறித்துவிடலாம். ஓக்ரெலிசுமாப் 6 மாதத்துக்கு ஒருமுறை, தொடக்கத்தில் மட்டும் இரண்டு வார இடைவெளியில் இரண்டு பாதி அளவு. அதற்கு முன் கொடுக்கும் அலர்ஜி மருந்தில் தூக்கம் வரும், அன்று முழு நாள் லீவு போடுங்கள், வண்டி ஓட்ட வேண்டாம். நாடலிசுமாப் பெரும்பாலும் 4 வாரத்துக்கு ஒருமுறை, ஏற்ற ஒரு மணி நேரம், அரை நாள் போதும். இன்டர்ஃபெரான் ஊசி போடுகிறவர்களுக்கு மறுநாள் காய்ச்சல் போல உடம்பு முறிக்கும், வாரம் ஒருமுறை ஊசியென்றால் விடுமுறைக்கு முந்தைய இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள் குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை செய்தால் தடுப்பூசிகளை மருந்து தொடங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. தொடங்கிய பிறகு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் போட முடியாது, மற்றவையும் முழுப் பலன் தருவதில்லை.

#20 கயல்_ஓ.டி.

பாதம் மேலே எழாமல் தொங்குவதால் தடுக்கி விழுகிறவர்கள் பற்றி தனிமடலில் கேட்டிருந்தார்கள். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் கணுக்கால் பட்டை வேலைக் காலணிக்குள் போக அரை அல்லது ஒரு அளவு பெரிய காலணி தேவைப்படும். பாதுகாப்புக் காலணி கட்டாயமுள்ள இடத்தில் அளவெடுக்கும்போதே பட்டையையும் கொண்டுபோங்கள். ஃபாம்ப்ரிடின் மாத்திரை (10 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்று) நடை வேகத்தைச் சிலருக்குக் கூட்டும், சுமார் மூன்றில் ஒருவருக்கு. வலிப்பு வந்தவர்களுக்குக் கூடாது, சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும், தவறவிட்ட வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது. தடுக்கல் நாளின் பிற்பகுதியில்தான் அதிகம். அதனால் கோப்பு தூக்குவது, மாடி ஏறுவது, அடுத்த கட்டடத்துக்குப் போய்வருவது எல்லாவற்றையும் மதியத்துக்கு முன் முடித்துவிடுங்கள். கையில் சுமை வேண்டாம், முதுகுப்பை போதும். கைப்பிடியைப் பிடிக்க ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.